மதகு திறந்தவள்

கார்முகில் குடதிசையில் மலைபோற் குவிந்து மாலை ஞாயிற்றை விழுங்கிய வேளையில், அகன்ற ஏரி ஈயத்தகடெனக் கருத்துக் கிடந்தது. அதன் கரைக்குக் கீழே, ஓடு வேய்ந்த வீடுகள் ஒன்றையொன்று நெருக்கி நின்ற சிற்றூர், விளக்கேற்றவும் உள்ளமின்றி ஒடுங்கியிருந்தது. ஏரிநீரை அளந்து விடும் மதகினைத் தன் தள்ளாத அகவை வரை காத்துநின்ற மதகுக்காரியை அன்று காலையிற்றான் மண்ணுக்குள் வைத்துத் திரும்பியிருந்தனர் ஊரார்.

கரைக்கோடியில், மதகை ஒட்டிய ஒற்றை அறையில், ஊர்ப்பெண்டிர்க்கு ஆடை தைத்துப் பிழைக்கும் அவள் மகள், தாயின் வெறுங்கட்டிலைப் பார்த்தும் பாராமலும் அமர்ந்திருந்தாள்.

அவள் சிறுமியாயிருந்த ஒரு கார்காலத்தில், வானம் பொத்துக்கொண்டதுபோற் கொட்டிய மழையில், ஏரி கரைதொட்டுத் தளும்பியது. மதகைத் திறந்தால் மேலைத் தாழ்நிலம் மூழ்கும். திறவாவிடின் கரை உடைந்து ஊரே போகும். அத்தாழ்நிலத்திற் கட்டுண்ட மாடுகளை அவிழ்த்துவிடச் சென்ற தந்தையோ இன்னும் மீளவில்லை. தாய் பொறுத்தாள்; பொறுத்துப் பொறுத்து, காலடியில் மண் நெகிழ்ந்து சரியக் கண்டதும், இரும்புத் திருகுபிடியைப் பற்றி முழுவலிமையோடு திருப்பினாள். ஊர் பிழைத்தது, அவன் பிழைக்கவில்லை.

அன்றுதொட்டு ஊரார் அவளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். அவளோ மழை விழுந்தாற் போதும், மேலைச் சாளரத்தருகே அமர்ந்து செவிசாய்ப்பாள்.

“யாரோ கூப்பிடுறாங்க. கேக்குதா?”

“மழைம்மா அது. வேற ஒண்ணுமில்ல.”

இம்மறுமொழியை, நோயுற்றார்க்கு மருந்தூட்டுவாள்போல், கார்காலந்தோறும் மகள் ஊட்டிவந்தாள். ஆயின் இறுதி நாளில், அவிந்த அடுப்பெனக் குளிர்ந்த கையால் மகளின் மணிக்கட்டை இறுகப் பற்றிய தாய், குரல் நடுங்காமற் சொன்னாள்:

“அன்னிக்கு உங்கப்பா ‘பொறு, பொறு’ன்னு கத்தினாரு. கேட்டுக்கிட்டேதான் திருப்பினேன்.”

அவ்வளவில் தாயின் விழிகள் நிலைகுத்திவிட்டன.

இப்போது முதல் துளிகள் ஓட்டின்மேல் விழுந்தன. கதவு தட்டப்பட்டது. அப்பெருமழை நாளில் தொட்டிலிற் கிடந்து, இன்று ஏரியிற் படகு செலுத்தும் அண்டைவீட்டான், நனைந்த தலையோடு நின்றான்.

“தனியா இருக்காதக்கா. எங்க வீட்டுக்கு வா. எங்க உசிரெல்லாம் உங்கம்மா குடுத்ததுதானே.”

“அப்பா பொறுக்கச் சொல்லிக் கத்தினது அவங்களுக்குக் கேட்டுச்சாம்டா. இத்தனை வருஷமா மழைன்னு சொல்லி நான் அவங்க வாயை அடைச்சிருக்கேன்.”

மேலைவெளியில் மழை திரண்டு இரைந்தது. அவ்விரைச்சலின் அடியில் ஏதோ ஒன்று நீண்டு, தேய்ந்து, மீண்டும் எழுந்தது. மகளின் முகம் வெளிறியது. படகோட்டி சாளரத்தருகே வந்தான்.

“கொஞ்சம் நகர்ந்து உக்காருக்கா. நானும் கேக்கறேன்.”

அவள் நகர்ந்தாள். பல்லுயிர் காத்தவளின் புகழை ஊரே பங்கிட்டுக்கொண்டிருந்தது. அவள் தனியே சுமந்த குரலுக்கோ, அவள் மறைந்த பின்னரே, கேட்கும் செவிகள் வாய்த்தன.