யாருக்கும் கெடுதல் பண்ணாத ஆள்

வாலிகண்டபுரம் டீக்கடை முன்னால் போலீஸ் ஜீப் நிற்கிறது என்று ஆள் வந்து சொன்னதும், கொளஞ்சியம்மாள் களைக்கொத்தைக் கடலைக்கொல்லையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். அவள் புருஷன் நல்லுசாமி ஜீப்பை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியிலிருந்து எடுத்த கஞ்சாப் பொட்டலம் பெஞ்சின் மேல் கிடந்தது. இத்தனை நாளும் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டதாம். விற்றால் மட்டுமல்ல, இழுத்தாலும் ஜெயிலாம்.

"விக்கிற ஆளு இல்லன்னு தெரியுது. எச்சரிச்சு வுடட்டுமா? ஊரு என்னய்யா சொல்லுது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"வுட்டுடுங்க சார்" என்றார் டீக்கடைச் செல்லப்பன். "சாராயத்தக் குடிச்சுட்டுப் பொண்டாட்டிய அடிக்கிறவன்லாம் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரியுறான். இவன் யாருக்கும் கெடுதல் பண்ணாத ஆளு. இதுக்கெல்லாம் ஜெயிலுன்னா பாதி ஊர அடைக்கணும்."

கூட்டம் சிரித்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து துணி விற்க வந்திருந்த மதார் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னிக்கு இவர வுட்டா, நாளைக்கு நம்ம புள்ளைங்க கையிலயும் இதுதாண்ணே இருக்கும்."

ஆளாளுக்குப் பேசினார்கள். விடச் சொன்னவர்கள்தான் அதிகம். கடைசியில் எல்லோரும் கொளஞ்சியம்மாளைப் பார்த்தார்கள்.

அவன் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. அது உண்மைதான். போன மாதம் மகள் கிணற்றுப் படியில் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தபோது, அவன் மேல்படியில்தான் உட்கார்ந்திருந்தான். கொளஞ்சியம்மாள்தான் குதித்துத் தூக்கினாள். "தண்ணி எப்புடிச் சுத்துது பாரேன்" என்று சிரித்தான். போதை தெளிந்ததும் மகள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த வாரமே மறுபடியும் இழுத்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"கூட்டிக்கிட்டுப் போங்க சார்" என்றாள். "அடிக்க மட்டும் அடிக்காதீங்க."

"பொம்பளயா நீ?" என்றார் செல்லப்பன். மதார்கூட அவள் முகத்தைப் பார்க்காமல் துணி மூட்டையை இறுக்கிக் கட்டினார்.

நல்லுசாமி தானாகவே எழுந்து ஜீப்பின் பின்னால் ஏறினான். அவளைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, உள்ளங்கையால் சீட்டிலிருந்த புழுதியைத் தட்டிவிட்டான். "ஏறு, கொளஞ்சி."

அவளை ஏற்றாமலே ஜீப் பெரம்பலூர் பக்கம் திரும்பிப் போனது. அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி அவன் கையை ஊன்றியிருந்தான்.