முதல் மஞ்சள்

சிநேகா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தாளா? செங்கல்பட்டு ஆபீசில், எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்துக்கென்று எங்கிருந்தோ வந்த படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "திருநங்கைகள் ஒருத்தரும் டெஸ்ட்டுக்கு வரலையே, இதுல என்ன மாத்தணும்?" என்று வரலட்சுமி மேடம் கேட்டார். ஐந்து வருஷமாகக் களப்பணி பார்க்கிறவள் என்ற கர்வமெல்லாம் சிநேகாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"புக்கை மூடி வை மேடம். எங்க வூட்ல அம்மாவுக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது. அம்மா வார்த்தைதான் எல்லாம். அவங்களாண்ட பேசு, அத்தினி பேரும் வந்து நிப்பாங்கோ."

மேடம் அதை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டார்.

சொன்னது பலித்தது. அம்மா என்றால் பெற்றவள் இல்லை. வீட்டைவிட்டு வந்த திருநங்கைகளை மகள்களாக ஏற்றுக்கொண்ட கோவளத்து ஞானம்பாள். அவள் ஒரு வார்த்தை சொன்னதும் சிநேகாவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் பஸ் ஏறிப்போய் ரத்தம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பயம் தெளியட்டும் என்று சிநேகாதான் முதலில் கையை நீட்டினாள். பதினோரு பேருக்கு ஒன்றுமில்லை. சிநேகாவுக்கு இருந்தது.

அவள் இடிந்துபோகவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகப் போட்டால் நெடுநாள் வாழலாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் ஆயிற்றே. அவளைக் கலக்கியது வேறு. அவள் மகளாக எடுத்துக்கொண்ட அன்பரசிக்குப் பெண்ணாக மாறும் ஆபரேஷன் முடிந்து, இன்னும் பத்து நாளில் நாற்பதாம் நாள். மஞ்சள் பூசி, பால்குடம் சுமந்துபோய்க் கடலில் ஊற்றும் நாள். முதல் மஞ்சள் தாய் கையால் பூச வேண்டும். "அது முடியட்டும் மேடம், அப்பால நானே அம்மாவாண்ட சொல்லிக்கிறேன்" என்றாள். மேடம் தலையாட்டினார்.

நாற்பதாம் நாள் காலையில், குழைத்து வைத்த மஞ்சள் கிண்ணத்தை சிநேகா எடுக்கப்போனாள். ஞானம்பாள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ தள்ளி நில்லு. உன் தங்கச்சி பாப்பா பூசுவா."

"இன்னாமா இது? எம் பொண்ணுக்கு நான்தானே பூசணும்?"

"மேடம் போன் பண்ணிச்சு. உன் ரிப்போர்ட்ட சொல்லிச்சு. தாய்க்குத் தெரியணும்னு நீதான் சொல்லிக் குடுத்தியாமே?"

"தொட்டா ஒட்டாதும்மா. உனக்கே நான்தானே சொல்லிக் குடுத்தேன்!"

"தெரியும்டி. இருந்தாலும், நல்ல நாளும் அதுவுமா..."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிநேகா வாசலுக்கு வந்து மேடத்துக்குப் போனைப் போட்டாள்.

"நீங்க சொன்னபடிதானே சிநேகா செஞ்சோம்?" மேடத்தின் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "உங்க பண்பாட்டுல அம்மாவுக்குத் தெரியாம எதுவும் நடக்காதுன்னீங்க. திட்டத்தோட புது முறையில அதைத்தான் போட்டிருக்கு. ரிசல்ட் அம்மாவுக்கும் போகும்."

"கூட்டினு வர்றதுக்கு வழி சொன்னேன் மேடம். காட்டிக் குடுக்கச் சொன்னேனா? தலையை வேற ஆட்டினியே!"

"சரி, விடுங்க. திங்கக்கிழமை மாமல்லபுரத்துலேருந்து எட்டுப் பேரை நீங்க..."

"ஒருத்தியும் வர மாட்டா. நான் கூட்டினு வர மாட்டேன்."

"அப்ப அவங்க உடம்பு, சிநேகா?"

படுபாவி, கேள்வி மட்டும் சரியாகக் கேட்கிறாள். சிநேகா போனை அணைத்தாள்.

ஞானம்பாளின் மகள்கள் சூழ, பால்குடத்தோடு அன்பரசி கடலுக்கு நடந்தாள். முகமெல்லாம் மஞ்சள், பாப்பா பூசிய மஞ்சள். சிநேகா கரையேற்றிய படகுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். பாலை ஊற்றிவிட்டு வந்த அன்பரசி, ஈரப் புடவையோடு மூத்தவர்கள் ஒவ்வொருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். சிநேகா முன்னால் வந்ததும் நின்றாள். இரண்டடி தள்ளியே கைகூப்பினாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்துபோய்விட்டாள்.

ஆபரேஷனுக்கு முன்பு வரை, சிநேகா நடத்திய கூட்டத்துக்குக் கூட்டம் அந்தப் படப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தவள் அன்பரசிதான். தொட்டால் ஒட்டாது என்ற பக்கம் வந்ததும், சிநேகா வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நிற்பவள் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக் காட்டிச் சிரிப்பாள். பெரும்பாலும் அது சிநேகாவின் கையாகத்தான் இருக்கும்.