கணினியோடு வந்த சீட்டுக்கட்டு

சிவபிரகாசம் முதலில் மாஜோங்கைத்தான் எடுத்தார். பிறகு கண்ணிவெடி. பிறகு, யாருமே தொட்டிராத கார்ப் பந்தயம். சாலிடேர் சீட்டாட்டத்தை மட்டும் எடுத்தால் சந்தேகம் வரும். அதனால் வாங்கும்போதே கணினிக்குள் இருந்த விளையாட்டுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்து, கடைசியில் அதன்மேல் கை வைத்தார். இதையும் இதைச் சேர்ந்த தகவல்களையும் நீக்கவா என்று திரை கேட்டது. நீக்கு என்றார். மனைவி நாகம்மை கோயிலுக்குப் போயிருந்தாள்.

இருவரும் ஓய்வு பெற்றதிலிருந்து காலை பத்து மணி அவர்களுடையது. அவர் கையில் புத்தகம், எதிரே அவள் கையில் பத்திரிகை. பேச்சே இருக்காது. அந்த மௌனத்துக்குள் மூன்றாவது ஆள் நுழைய முடியாது என்றுதான் நினைத்திருந்தார்.

கார்த்திகேசு நுழைந்தார். செமோர் பக்கத்து எஸ்டேட் பள்ளியில் நாகம்மையோடு பாடம் நடத்தியவர். ரப்பர் போய் செம்பனை வந்து, பள்ளியும் இடம் மாறிவிட்டது. அவர் இப்போது பத்து காஜா என்ற ஊரில் தனியாக இருக்கிறார். அந்தச் சீட்டாட்டத்தில் தினம் ஒரு கட்டு. விளையாடுகிற எல்லோருக்கும் அதே சீட்டுகள். யார் சீக்கிரம் முடித்தார்கள் என்று இருவரும் கைப்பேசியில் அனுப்பிக்கொள்வார்கள். நாகம்மை இப்போதும் பத்து மணிக்குப் பேசுவதில்லை. ஆனால் அவளுடைய மௌனத்தில் வேறொருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடுநடுவே அவள் சிரிப்பாள். என்னவென்று இவர் கேட்டதில்லை.

"என்னங்க, சீட்டைக் காணோம்?"

"அப்டேட்ல போயிருக்கும்," என்றார், புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

அவள் சற்று நேரம் திரையையே பார்த்தாள். பிறகு கார்த்திகேசுவைக் கைப்பேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டாள். அதைச் சிவபிரகாசம் எதிர்பார்க்கவில்லை.

"அலாமாக்! தோத்துருவோம்னு பயந்து நீங்களே அழிச்சிட்டீங்களா டீச்சர்?"

"நேத்து தோத்தது யாரு சார்?"

"நேத்து எனக்குக் கண்ணு சரியில்ல லா. சரி, ஸ்டோரைத் திறங்க. திரும்ப இறக்கிக்கலாம், காசு இல்ல. மேல என்ன பேரு காட்டுது?"

கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. நாற்பத்தொரு வருடத்தில் புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி கவுண்டரில் கேட்டால்கூட அவருடைய அடையாள அட்டையை, ஐசியை, எடுத்து நீட்டுவாள். கைப்பேசியில் ஐசியை நீட்ட முடியாது.

"டீச்சர்? பேரு சொன்னாத்தானே சரியான கணக்கான்னு தெரியும்?"

"சிவபிரகாசம்," என்றாள்.

அவ்வளவு சாதாரணமாக. வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல. தன் பெயர் அவள் குரலில் எப்படி இருக்கும் என்று அவர் இளவயதில் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்ததுண்டு. அது வந்தபோது இன்னொருவருக்குப் போய்விட்டது.

"பாஸ்வேர்ட் கேக்குது சார்."

"அண்ணனைக் கேளுங்க லா."

அவள் திரும்பினாள். "பாஸ்வேர்ட் என்னங்க?"

"மறந்துபோச்சு," என்றார் சிவபிரகாசம்.

கைப்பேசி ஒரு கணம் யோசித்தது. "பரவால்ல டீச்சர். நாளைக்கு எப்படியும் ஈப்போ வாரேன். வீட்டுக்கே வந்து போட்டுத் தாரேன்."

"அப்படின்னா மத்தியானச் சாப்பாடு இங்கதான். நண்டு வைக்கிறேன்."

நண்டு வைத்து எத்தனை மாதம் ஆகிறது என்று அவர் எண்ணிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தார்.

"இரு. ஞாபகம் வந்துருச்சு."

அவளுக்கு மேலாகக் குனிந்து எழுத்துகளைத் தட்டினார். திரையில் பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. நாகம்மை அதைப் பார்த்தாள். பிறகு அவரை, கொஞ்சம் கூடுதலான நேரம்.

"சார், அவங்களுக்கு ஞாபகம் வந்துருச்சு," என்றாள் கைப்பேசியிடம். "இருந்தாலும் நாளைக்குச் சாப்பிட வந்துருங்க."