தர்ஃபாவின் சிவந்த கண்ணீர்

ஐம்பது வயது தாண்டிய தர்ஃபாவுக்குக் கண்ணீர் சிவப்பாக ஒளிர ஆரம்பித்தது. எங்கள் ஊரான உனைஸாவின் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த கருவியால் வந்தது அது. இரத்தத்துளி மேல் நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினால் நோயாளியின் இரத்தம் மற்றவர்களுடையதைவிட வேறு நிறத்தில் ஒளிரும்; அதைப் பார்த்து டாக்டர் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் ஊரில் கூடுதலாக ஒன்று நடந்தது. சோதனைக் குழாயிலிருக்கும் துளி சிவந்தால், உடம்பில் மிச்சமிருக்கும் நீரெல்லாம் சேதி கேட்டுத் தானும் சிவக்கும். இருட்டில்தான் தெரியும். பேரீச்சம்பழ விலையைப் பற்றிப் பேசியதைவிட அதிகமாக யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் ஊரில் நோயாளிக்குக் கடைசியாகத்தான் சொல்வார்கள், சொன்னாலும் பேர் சொல்லாமல் 'அந்த நோய்' என்பார்கள். சீக்கிரம் அறுத்து எடுத்தால் பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னதும், மூத்த மகன் ஸுலைமான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "கிட்னியில கல்லுன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர். பேரைக் கேட்டாலே யும்மா செத்துடும்."

தர்ஃபா நம்பினாள். நம்பியதுதான் வினையாயிற்று. "கல்லுக்கா வயித்தைக் கிழிப்பாங்க? ஜம்ஜம் தண்ணி குடிச்சா கரைஞ்சிடும். கத்தி துருப்பிடிக்குதுன்னா அந்த டாக்டரை ஆடு அறுக்கச் சொல்லு!"

அவள் கண்ணில் எதுவும் பட்டுவிடக்கூடாதென்று பிள்ளைகள் பகலிலும் எல்லா அறைகளிலும் விளக்கெரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "யாருக்கு நிச்சயம்? என்கிட்ட மட்டும் மறைக்கிறீங்களே!" என்று சண்டைக்கு நின்றாள். மகள் ஹைலா சிரித்து மழுப்பிவிட்டு, குளியலறையில் போய் அழுதாள். இப்படியே ஆறேழு மாதம் ஓடிவிட்டது.

ஒரு நண்பகலில் மணற்புயல் வந்து ஊரை இருட்டாக்கியது. மின்சாரமும் போயிற்று. தர்ஃபா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பலகையில் சொட்டிய கண்ணீர் அடுப்புக் கங்கு போல எரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"எப்பலேர்ந்து?"

"ஒண்ணுமில்ல யும்மா, வெங்காயம்..." என்றான் ஸுலைமான்.

"வெங்காயத்துக்குக் கண்ணு எரியும்டா, இப்படி வெளிச்சம் வராது. வீட்டுக்கே தெரிஞ்சிருக்கு, உடம்புக்காரிக்குத் தெரியல. பயந்தது நீங்க. அதுக்கு என் பேரைச் சொல்லியிருக்கீங்க."

மறுநாளே ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். நோய் பரவியிருந்தது. முதலிலேயே வந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், ஸுலைமானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவன் அதன்பிறகு தாய்முன் தலை நிமிர்ந்து உட்காரவில்லை. பாவம், அன்புதான் அவனை அப்படிச் செய்ய வைத்தது. ஆனாலும் செய்தது செய்ததுதான்.

தர்ஃபா இன்னும் இரண்டு வருடம் இருந்தாள். மக்காவுக்குப் போய்வந்தாள், நகைகளைத் தன் கையாலேயே பிரித்துக் கொடுத்தாள், பக்கத்து வீட்டுக்காரியோடு சமாதானமானாள், மறுபடி சண்டையும் போட்டாள். பிறகு போய்விட்டாள்.

ஊரே காலா என்று கூப்பிடும் பெண்மணிதான் மய்யித்தைக் குளிப்பாட்ட வந்தாள். ஜன்னலில்லாத அறை. ஹைலா முதல் குடத்தை ஊற்றினாள். தாயின் தோளிலிருந்து வழிந்த தண்ணீர் சிவந்து ஒளிர்ந்துகொண்டே தரையில் ஓடியது.

"லைட்டப் போடட்டுமாம்மா?" என்று கேட்டாள் காலா.

"வேண்டாம் காலா. நல்லாத் தெரியுது" என்றாள் ஹைலா.

காலா அடுத்த குடத்தை எடுத்துக் கொடுத்தாள்.