முதல் கையெழுத்து

ஐந்து பங்காளிகளுக்கும் சம்மதம்தான். ஆனால் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்பது வெற்றிச்செல்விக்குப் பிடிபடவில்லை.

கீழப்பழுவூரில் அரங்கநாதன் வீட்டுக் கூடத்தில் காலையிலிருந்து பேனா மட்டும் கைமாறிக்கொண்டிருந்தது. அரங்கநாதனுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. அவர் தம்பி ராஜராஜன் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கப் போய்விட்டு வந்து, மறுபடியும் பார்க்கப் போனார். காலமான அண்ணனின் மகன் முத்தமிழ், பெரியவர்கள் இருக்கும்போது தான் எப்படி முந்துவது என்று பணிவாகப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். மற்ற இருவரும் வாசலில் நின்று மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள்.

வெற்றிச்செல்வியால் உட்கார முடியவில்லை. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட சட்ட நிறுவனம் ஒன்றின் சென்னைக் கிளையில் அவள் வக்கீல். ஒரு நாட்டுக் கம்பெனி இன்னொரு நாட்டில் காலூன்ற வரும்போது நிலத்தின் வில்லங்கம் பார்ப்பது, அனுமதிகள் வாங்குவது, ஒப்பந்தம் எழுதுவது எல்லாம் அவர்கள் வேலை. இப்போது வந்திருப்பது ஒரு காலணிக் கம்பெனி. இந்த நிலத்தைக் குத்தகைக்குக் காட்டியவளே பெரம்பலூர்க்காரியான அவள்தான். முதன்முறையாகத் தனியாக நடத்தும் வேலையும் இதுதான். இன்று மாலைக்குள் கையெழுத்தான ஒப்பந்தம் போய்ச் சேராவிட்டால், கம்பெனி ஆந்திராவில் பார்த்து வைத்திருக்கும் இடத்துக்குப் போய்விடும்.

குத்தகைத் தொகை போதவில்லையோ என்று கேட்டுப் பார்த்தாள். அதில் குறையே இல்லை என்று சிரித்தார் அரங்கநாதன். பத்திரங்களை மறுபடியும் புரட்டினாள், வில்லங்கம் ஏதுமில்லை. சிங்கப்பூரிலிருந்து அவளுடைய மேலாளர் பரணிதரன் போனில் கூப்பிட்டார். யாருமே மறுக்கவில்லையென்றால் அப்புறம் என்னதான் சிக்கல் என்று கேட்டார். கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தாள்.

கொல்லையில் ராஜராஜனின் மனைவி அம்பிகா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“வக்கீலம்மா, அடுத்த தெருவுல ஒரு பச்சை கேட்டு வூடு பாத்தீங்களா? அதுக்கு ஊருல என்ன பேரு தெரியுமா?”

தெரியாது என்றாள்.

“மொதக் கையெழுத்து வூடு. அப்ப சிமெண்டு கம்பெனிக்காரங்க சுண்ணாம்புக்கல் எடுக்க நெலம் கேட்டாங்க. அவங்க தாத்தாதான் மொதல்ல போட்டாரு. அப்புறம் அத்தனை பேருந்தான் போட்டாங்க. ஆனா கெட்ட பேரு அவங்களுக்குத்தான் நின்னுச்சு. பொண்ணு பாக்க வர்றவங்களுக்கும் அப்படிச் சொல்லித்தான் வழி காட்றாங்க. எங்க வூட்டுலயும் பொண்ணு இருக்குங்க.”

வெற்றிச்செல்வி கூடத்துக்குத் திரும்பி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். மூத்தவர் என்ற மரியாதைக்காக அரங்கநாதன் பெயரை அவளே எல்லோருக்கும் மேலே போட்டிருந்தாள். அவருக்குக் கண்ணாடி ஏன் கிடைக்கவில்லை என்று இப்போது புரிந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர்கள் எழுதும் ஒப்பந்தங்களின் கடைசியில் யாரும் படிக்காத ஒரு பத்தி இருக்கும். ஒரு முதலாளி ஜப்பானில் இருப்பார், இன்னொருவர் துபாயில். ஒரே மேஜையில் அவர்களை உட்காரவைக்க முடியாது. அதனால் ஆளுக்கொரு பிரதியில் தனித்தனியே கையெழுத்திடலாம், எல்லாம் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் என்று அந்தப் பத்தி சொல்லும். ஐந்து பேரும் ஒரே ஊர்தானே, எதற்கு என்று இந்த ஒப்பந்தத்திலிருந்து அவளே அதை நீக்கியிருந்தாள்.

மடிக்கணினியைத் திறந்து பத்தியை மறுபடி சேர்த்தாள். கடைசிப் பக்கத்தை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தாள். பரணிதரன் போனிலேயே ஒப்புக்கொண்டார். முத்தமிழின் வண்டியில் ஏறி ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஐந்து பிரதி எடுத்து வந்தாள்.

அரங்கநாதன் தன் பிரதியைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் மட்டுமே இருந்தது.

“அப்ப மொதல்ல போட்டது யாருன்னு ஊருல கேட்டா?”

“யாரும் இல்லீங்க ஐயா. நீங்க உங்க ரூம்ல போடுங்க, அவங்க அவங்க வூட்டுல போடட்டும். மடிச்சு உறையில ஒட்டிக் குடுங்க. அஞ்சும் வந்தப்புறம்தான் பிரிப்பேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஒரே ஒப்பந்தத்துக்கு ஐந்து பிரதிகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவரின் கையெழுத்து. தேதி எழுதும் இடம் காலியாக இருக்கும்; ஐந்தும் கைக்கு வந்தபின் எல்லாவற்றிலும் ஒரே தேதியை வெற்றிச்செல்வி எழுதுவாள். அதுவரை எந்தப் பிரதியும் செல்லாது. அதன்பின் ஐந்தும் ஒன்றாகவே செல்லும்.