சபையில் தூக்கிய கை

வினோதாவுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது மண்சரிவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் சுவர் விழுந்து வலது கால் போயிற்று. ஊன்றுகோலோடுதான் பள்ளிக்கூடம் முடித்தாள். பிறகு தன்னைப் போன்றவர்களைத் தேடித் தோட்டம் தோட்டமாக அலைந்தாள். உதவிப்பணம் மறுக்கப்பட்டவர்களுக்காகச் செயலகத்து வாசலில் உட்கார்ந்தாள். ஊன்றுகோலைக் கண்டதும் நிறுத்தாமல் போகும் பஸ்காரர்களோடு சிங்களத்தில் சண்டை போட்டாள். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு.

அதனால்தான் பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது கட்சி அமைப்பாளர் ஜீவராஜ் அவள் வீட்டுக்கு வந்தார். வெளியே நின்று கேட்பதை உள்ளே போய்க் கேட்டால் நடக்கும் என்றார். வினோதா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மேல் டிவிசனில் பழைய பிள்ளைக்காம்பரா மூடிக் கிடந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போன கட்டடம் அது. அதைத் திருத்தி, மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் போட வேண்டும் என்று கேட்டாள். ஜீவராஜ் வாக்குக் கொடுத்த பிறகே தேர்தலில் நிற்கச் சம்மதித்தாள்.

அந்த எண்ணம் அவளுக்கு ராசம்மாவைப் பார்த்து வந்தது. ராசம்மா புருஷனை இழந்தவள். மகன் லோகுவுக்கு இருபத்திரண்டு வயது. பேச்சு இரண்டு வயதுக் குழந்தையின் பேச்சு. ஒருமுறை ஆற்றில் இறங்கிவிட்ட அவனை இழுத்துக் கரை சேர்த்திருந்தார்கள். அன்றிலிருந்து ராசம்மா காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்போது அவனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிடுவாள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டுவான்.

வாக்குக் கேட்டுப் போன அன்று வினோதா அவளிடம் பிள்ளைக்காம்பராவைப் பற்றிச் சொன்னாள். ராசம்மா கதவுப் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அது மட்டும் நடந்துச்சுன்னா நான் நிம்மதியா கொழுந்தெடுப்பேன் புள்ள" என்றாள். "மலையில நின்னாலும் என் நெனப்பெல்லாம் இந்தக் கதவுலதான் இருக்கு."

வினோதா வென்றாள். லயத்துப் பெண்கள் அவளுக்கு மாலை போட்டார்கள். லோகுவும் அம்மாவின் கையைப் பிடித்தபடி வந்து, எதற்கென்று தெரியாமலே சிரித்தான்.

சபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. சபைத் தலைவராக இருந்த, வினோதாவின் கட்சியைச் சேர்ந்த தவிசாளரின் பதவி ஓரிரண்டு வாக்குகளில் தொங்கிக்கொண்டிருந்தது. வருடக் கடைசியில் வரவுசெலவுத் திட்டம் வந்தபோது அதில் பிள்ளைக்காம்பரா இல்லை. அந்த நிதி கோயில் ரோட்டுக்குக் கொங்கிரீட் போடப் போயிருந்தது. எதிர்த்து வாக்களிக்கப் போவதாக வினோதா சொன்னாள். ஜீவராஜ் அவளுக்குப் போன் எடுத்தார்.

"இந்த ஒரு தடவ கையத் தூக்கிருங்க தங்கச்சி. சபை கவுந்துச்சுன்னா யாருக்கும் ஒண்ணும் கெடைக்காது. அடுத்த வருஷம் மொத வேலையே அதுதான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாக அவளுக்குப் பட்டது. கையைத் தூக்கினாள். திட்டம் நிறைவேறியது.

மாசி மாதத்தில் ஒரு முற்பகல், ராசம்மாவின் லயத்தில் பழைய மின்கம்பி தீப்பிடித்தது. வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் மலையில் இருந்தார்கள். வீட்டிலிருந்த இரண்டு மூன்று பேர் கோடரியால் கதவை உடைத்து உள்ளே போனபோது லோகு கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்தான். புகைதான் அவனைக் கொன்றிருந்தது.

சாவு வீட்டுக்குத் தவிசாளர் மலர்வளையத்தோடு வந்து போனார். வினோதா ஜீவராஜின் வாகனத்தில் ஏற மறுத்துவிட்டுத் தனியாகப் படியேறி வந்தாள். பெண்கள் விலகி இடம் விட்டார்கள். ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு ராசம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு சபையில நானும் கையத் தூக்கினேன்க்கா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றாள்.

ராசம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அழுது முடித்த முகம்.

"நீ கையத் தூக்குன. நான் பூட்டுனேன். யாருகிட்ட புள்ள போயிச் சொல்றது?"

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று வினோதாவுக்குத் தோன்றியது.

சபையின் அடுத்த அமர்வில், பிள்ளைக்காம்பராவுக்கு நிதி ஒதுக்கக் கேட்டு வினோதா பிரேரணை கொண்டுவந்தாள். தவிசாளர் நேரமில்லை என்றார். அவள் உட்கார மறுத்தாள். தான் எதற்காக வந்தாள், எதற்குக் கை தூக்கினாள், அந்தக் கை தூக்கலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சபை நடுவே சொன்னாள். கட்சிக் கட்டளைக்கு இனிக் கை தூக்க மாட்டேன் என்றாள். எதிர்த்து வாக்களிக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிரேரணை நிறைவேறியது. கட்சி அவளை விலக்கியது. அதனால் சபை உறுப்பினர் பதவியும் போயிற்று. அவளுடைய இடத்துக்கு வந்தவர்தான் திருத்தித் திறந்த பிள்ளைக்காம்பராவின் நாடாவை வெட்டினார். வினோதா கூட்டத்தில் பின்வரிசையில் நின்றாள்.

வாக்கரில் வந்த சிறுமி, தாயின் முதுகில் வந்த பையன், சுவரைத் தடவிக்கொண்டே நடந்த இன்னொருத்தி என்று ஒன்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். ராசம்மா வரவில்லை.

வினோதா அவளைத் தேடி மலைக்குப் போனாள். ஊன்றுகோல் வழுக்கும் சரிவு. ரோட்டோரத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. ராசம்மா கொழுந்து நிரையில் இருந்தாள். அவளைக் கண்டதும் இரண்டு நிரை இறங்கி வந்தாள்.

"எத்தன புள்ளைங்க?"

"ஒம்போது வந்திருக்காங்கக்கா."

ராசம்மா கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டாள்.

"நேரத்துக்குச் சோறு குடுக்கச் சொல்லு. அதுங்களுக்குப் பசிக்குதுன்னு சொல்லத் தெரியாது."

சொல்லிவிட்டு மறுபடி நிரைக்கு ஏறிப் போனாள்.