விருந்தாளியாக மாமனார்

"ஒன் பேரு என்னம்மா, இங்கிலீஷ்ல சொல்லு" என்று அபிலாஷ் கேட்டான்.

"மை டாட்டர்-இன்-லா நேம் இஸ் ரச்னா நிரஞ்சன்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ராம்கிருபால் பதில் சொன்னார்.

அபிலாஷ் சாக்பீஸைக் கீழே வைத்தான். இரண்டு மாதமாக இதுதான் நடக்கிறது. கேள்வி மருமகளுக்கு, பதில் மாமனாரிடமிருந்து. அவள் முன் பெஞ்சில் முகவாய் வரை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் பின்னால் பீடியோடு உட்கார்ந்து, வகுப்பிலேயே உரக்கப் பாடம் ஒப்பிப்பார்.

ஓரை என்ற இந்த வடக்கத்தி ஊரில் எல்லா ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்களிலும் பாடம் ஒரே மாதிரிதான். ஹிந்தி வாக்கியம் 'சக்தா ஹை' என்று முடிந்தால் கேன். 'சாஹியே' வந்தால் ஷுட். 'ஹீ படேகா' என்றால் மஸ்ட். ஹிந்தி வால் எதுவென்று பார்த்து இங்கிலீஷ் தலையை மாட்ட வேண்டும். வாத்தியார் வாலைச் சொல்வார், வகுப்பு தலையைக் கத்தும். கத்திக் கத்தித் தொண்டை தேர்ந்ததே தவிர, ஒருத்தனுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க வராது. அபிலாஷுக்கு இந்த முறை பிடிக்காது. ஆனால் சென்டர் முதலாளிக்குச் சத்தம் வேண்டும். தெருவில் போகிறவன் காதில் விழுந்தால்தான் அடுத்த அட்மிஷன்.

அபிலாஷ் கல்லூரியைப் பாதியில் விட்டு நொய்டாவுக்குப் போனவன். ராத்திரி ஷிஃப்டில் போனில் முகம் தெரியாத வெள்ளைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வேலை. அதையும் பாதியில் விட்டுவிட்டு வந்தான். கத்துகிறவர்களிடம் என்ன பேசுவது என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை இங்கே யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை ரச்னாவுக்கு நெடுஞ்சாலை ஓட்டலில் நேர்காணல். ரிசப்ஷன் வேலை. மகன் வேலை பார்த்த பருப்பு மில் மூடிக் கிடப்பதால் ராம்கிருபாலே தேடிப் பிடித்த இடம். ஓட்டல்காரர்கள் ஒரு ஆளை விருந்தாளி மாதிரி நடிக்கவிட்டுப் பேசச் சொல்வார்களாம். எழுதச் சொன்னால் அவள் ஒரு தப்பு இல்லாமல் எழுதுவாள். வாயைத்தான் திறக்க மாட்டாள்.

காரணம் வகுப்புக்கே தெரியும். முக்காடு பையன்களுக்காக இல்லை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் மாமனார் காதுபட ஒரு சொல் பேசியதில்லை. ஒழுங்கான வீட்டு மருமகள் பேச மாட்டாள்.

"சாச்சா, இன்னிக்கு ஒரு நாள் வெளிய டீக்கடையில உக்காருங்களேன்" என்று ராம்கிருபாலிடம் சொன்னான் அபிலாஷ்.

"நான் வெளிய போனா, இத்தனை பசங்களுக்கு நடுவுல மருமகளைத் தனியா விட்டுட்டான்னு ஊரு பேசாதா?"

"ஓட்டல்ல மட்டும்?"

"அங்கயும் லாபியில உக்காந்திருப்பேன். சோபா போட்டிருக்கான், பாத்துட்டு வந்தேன்."

"வெளங்கிரும்" என்று நடு பெஞ்சுப் பையன் லவ்குஷ் முனகினான். வகுப்பு சிரித்தது.

அபிலாஷுக்கு மண்டை காய்ந்தது. "சரி, அப்ப நீங்களே விருந்தாளி. இங்க வந்து உக்காருங்க. இதுதான் ஓட்டல். ரச்னா, நீ ரிசப்ஷன். இங்கிலீஷ் மட்டும்தான்."

ராம்கிருபாலுக்கு மரியாதை கிடைத்த மகிழ்ச்சி. நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, அணைந்திருந்த பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். ரச்னா எழுந்து நின்றாள்.

"பேசும்மா. திங்கக்கெழம ஒனக்காக நான் வந்து பேச முடியாது" என்றான் அபிலாஷ்.

புகை அவள் பக்கம் போனது. முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு இருமல் வந்தது. அப்புறம், "சார்."

ராம்கிருபால் திரும்பிப் பின்னால் பார்த்தார். "யாரைச் சொல்லுது, வாத்தியாரே?"

"விருந்தாளிய."

"சார், யூ கெனாட் ஸ்மோக் ஹியர்."

குரல் சின்னதாக, ஆனால் தெளிவாக இருந்தது. அவர் முகம் சிவந்தது. ஹிந்தியில் திட்ட ஆரம்பித்தவரை அபிலாஷ் கை காட்டி நிறுத்தினான். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் வகுப்பில் கத்தும் பாடம் மட்டும்தான். அதையே எடுத்து வீசினார்.

"ஐ கேன். ஐ ஷுட். ஐ மஸ்ட்."

"நோ, சார். யூ மே ஸ்மோக் இன் த கார்டன்."

"ஐ வில் நாட்."

"தென் ஐ வில் கால் த மேனேஜர், சார்."

லவ்குஷ் பெஞ்சைத் தட்டினான். ராம்கிருபால் எழுந்துவிட்டார். இப்போது விருந்தாளி இல்லை, மாமனார்தான் நின்றார். "வாத்தியாரே, பையை எடுக்கச் சொல்லு அவளை. வீட்டுக்குப் போறோம். இதுக்கா கொண்டுவந்து விட்டேன்?"

"இதுக்குத்தான் கொண்டுவந்து விட்டீங்க" என்றான் அபிலாஷ். அவனுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. "கூட்டிட்டுப் போங்க. திங்கக்கெழம நீங்களே போய் ரிசப்ஷன்ல நில்லுங்க. ஐ கேன், ஐ ஷுட், ஐ மஸ்ட்டுனு கத்துங்க. வேலை குடுப்பான்."

அவர் மருமகளைப் பார்க்காமல், மருமகளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவள் பை பெஞ்சின் மேலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"த கிளாஸ் இஸ் நாட் ஓவர், சார்" என்றாள். "யூ மே வெயிட் அவுட்சைட்."

யாரும் சிரிக்கவில்லை. ராம்கிருபால் பீடியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், இனி இந்தப் பெண் வரமாட்டாள் என்று அபிலாஷ் நினைத்தான்.

ஜன்னலுக்குக் கீழிருந்து குரல் வந்தது. "வாத்தியாரே. அந்த ஓட்டல் சோபாவுல நான் உக்காரப் போறதில்லன்னு சொல்லிடு. கேட்டுக்கு வெளிய நிக்கறேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கக் கூடாது."

"ரச்னாவுக்கே கேட்டுச்சு, சாச்சா."

"நீ சொல்லு."

"ரச்னா, கேட்டுக்கு வெளிய நிப்பாராம்" என்று அபிலாஷ் அலுப்போடு சொன்னான்.

அவள் முக்காட்டை நெற்றி வரை தள்ளினாள். வியர்த்து வழிந்த முகம், சிவந்த கண்கள். வகுப்பில் முதல் முறையாக ஹிந்தியில் பேசினாள்.

"ரெண்டு மாசமா வாலு, தலைன்னு கத்த வச்சீங்களே, சார். ஒருத்தன் எழுந்து நின்னு, நான் யார்னு தெரியுமான்னு கேட்டா என்ன சொல்லணும்? அதை ஒரு நாளாச்சும் சொல்லிக்குடுத்தீங்களா?"

அபிலாஷ் போர்டைப் பார்த்தான். காலையில் எழுதிய வால்களும் தலைகளும் வரிசையாக நின்றன. டஸ்டரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தான்.

"லவ்குஷ், வா இங்க. இப்ப நீதான் விருந்தாளி. வந்து கத்து."